பதில்: தெரியாது

காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். கொல்லையில் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர்த் தவலையை ஏற்றுவேன். வேப்பங்குச்சியால் பல் விளக்குவேன். பாயைச் சுருட்டி வைத்து, விளக்குக் கண்ணாடியைத் துடைப்பேன். பிறகு நாற்காலியில் உட்காருவேன். தண்ணீர் கொதித்து, ஆறிய பிறகு குளிப்பேன். முந்தின நாள் சோற்றை மோர் விட்டுக் கரைத்து ஒரு வெங்காயத்தோடு சாப்பிடுவேன். கோட்டு, தலைப்பாகை. பத்தேகாலுக்குக் கதவைப் பூட்டுவேன். பத்து நாற்பதுக்குத் தாலுகா கச்சேரியில் இருப்பேன்.

அன்றும் அப்படித்தான். 1934, செப்டம்பர் மாதம்.

வருகிற தபாலைப் பதிவு செய்வது என் வேலை. அன்று பதினான்கு உறைகள். ஒவ்வொன்றாகப் பிரித்து, எண் போட்டு, எங்கிருந்து வந்தது, என்ன விஷயம், எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று எழுதினேன். ஒன்பதாவது உறை முன்சீப் கோர்ட்டிலிருந்து வந்திருந்தது. சாட்சி சம்மன். சாட்சியின் பெயர்: வீரபாகு, பி.ஏ., தாலுகா கச்சேரி குமாஸ்தா. எண் போட்டேன். ‘எந்த மேஜைக்கு’ என்ற இடத்தில் என் மேஜையை எழுதினேன். பத்தாவது உறையைப் பிரித்தேன்.

வாதி, பூவாத்தாள். முதல் பிரதிவாதி, சீமையில் இருக்கும் இந்தியா மந்திரி. சர்க்கார் உத்தரவின் மேல் வழக்கு என்றால் அவர் பெயரில்தான் போட வேண்டும். இரண்டாம் பிரதிவாதி, காளியப்பன், புளி ஏலக்காரர்.

புதுச்சத்திரத்துக்குத் தெற்கே, ரோட்டின் கிழக்கு ஓரத்தில், பதினொரு புளியமரங்கள் இருக்கின்றன. நிலம் சர்க்காருடையது. ஆனால் ரோட்டோரத்தில் மரம் நட்டு வளர்த்தவர் அதன் காயை அனுபவிக்கலாம். அதற்கு மரப்பட்டா கொடுப்பார்கள். இந்தப் பதினொன்றுக்கும் பட்டா அர்த்தநாரி என்பவர் பெயரில் இருந்தது. மழை பொய்த்த ஒரு வருஷம் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார். பதினான்கு வருஷம் ஊர்ப்பக்கம் வரவில்லை. அங்கேயே காய்ச்சலில் இறந்தார். மனைவி மட்டும் திரும்பி வந்தாள். அதற்குள் கிராமத்தில் மணியக்காரரும் கர்ணமும் மாறியிருந்தார்கள். அவளை அவர்களுக்குத் தெரியவில்லை.

காளியப்பன் ஒரு மனுப் போட்டார். பட்டாதாரர் இறந்துவிட்டார், வாரிசு இல்லை, மரங்களைச் சர்க்கார் எடுத்து ஏலம் விட வேண்டும். பூவாத்தாளும் ஒரு மனுப் போட்டாள். நான் அவர் மனைவி, பட்டாவை என் பெயருக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் தாசில்தார் விசாரணைக்கு எடுத்தார். பூவாத்தாளின் வாக்குமூலத்தை எழுதியவன் நான்.

கேள்வி: பட்டாதாரரின் பெயர் என்ன?

பதில்: தெரியாது.

கீழே அவளுடைய இடது கைப் பெருவிரல் ரேகை.

உத்தரவின் நகலையும் நான்தான் தயார் செய்தேன். ‘மனுதாரருக்குப் பட்டாதாரரின் பெயரே தெரியவில்லை. ஆகவே தான் அவர் மனைவி என்று கூறுவது நம்பத்தக்கதல்ல. நேரில் விசாரித்து உத்தரவிடப்பட்டது.’ மாலையில் மற்றக் காகிதங்களோடு தாசில்தார் கையெழுத்துப் போட்டார். டிவிஷன் அதிகாரியிடம் அவள் அப்பீல் செய்தாள். அவரும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தள்ளினார். அதன் பிறகுதான் கோர்ட்டு. சர்க்கார் மேல் வழக்குப் போட இரண்டு மாதம் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்குள் மாசி வந்தது. அந்த வருஷத்து ஏலத்தை எடுத்த காளியப்பனின் ஆட்கள் மரமேறிப் புளியை உலுக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மாசிக்கு ஐந்து வருஷக் குத்தகையாக ஏலம் விடுவதற்கு உத்தரவு தயாராக இருந்தது.

பூவாத்தாள் அந்த ரோட்டிலேயே ஜல்லி உடைத்தாள். கல்லைக் குவித்திருந்தது அந்தப் புளியமரங்களின் நிழலில்.

அவள் ‘தெரியாது’ என்று சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். வாக்குமூலம் எழுதும்போது அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம்.

அது 1933 ஆடி மாதம். முத்தாயம்மாள் இறந்த பதினெட்டாம் நாள். விடுப்பு முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாள்.

முத்தாயம்மாள் என் மனைவி. அவளுக்கு ஏழாம் மாதம். ஒரு நாள் காலையில் ஜன்னி கண்டது. இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்து இறந்தாள். என் மாமியார் குப்பாயி ராசிபுரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவே இல்லை. ஆனாலும் துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் மாமியார் சொன்னார்: “பூவும் பொட்டுமாப் போறேன், எனக்கென்ன கொறைன்னு எங்கையைப் புடிச்சுச் சொல்லீட்டுத்தான் கண்ணை மூடுனா.” கேட்டவர்கள் அழுதார்கள். அழுத பிறகு அவர்கள் முகம் தெளிந்தது. நான் மறுக்கவில்லை. நாலு மாதத்தில் தெருவே அதைச் சொன்னது. என்னிடமே சொன்னார்கள்.

சம்மன் வந்த அன்று பிற்பகல் தாசில்தார் கூப்பிட்டனுப்பினார்.

தாசில்தார் வெங்கடாசலம் கெட்டவர் அல்ல. முத்தாயம்மாளுக்கு ஜன்னி கண்ட அன்று தன்னுடைய வண்டியை அனுப்பி டாக்டரை அழைத்துவரச் செய்தவர் அவர்தான்.

“உட்காரு வீரபாகு.”

நான் நின்றேன்.

“பைலைப் பார்த்தாயா?”

“பார்த்தேன் சார்.”

“அதிலே இருக்கிறதைச் சொல்லு. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். எழுத்து என்னுடையது, ரேகை அவளுடையது, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷத்திலே இறங்கி வந்துடலாம்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அன்னைக்கு என் மேஜை மேலே முப்பத்தெட்டுக் காகிதம். ஒவ்வொருத்தரையும் நானே உட்காரவச்சுக் கேட்டா அடுத்த ஆடி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும். நேரில் விசாரித்துன்னு எழுதறது வழக்கம். நீ கேட்டா நான் கேட்ட மாதிரி. நான் கேட்டா கலெக்டர் கேட்ட மாதிரி. இப்படித்தானே ராஜாங்கம் நடக்குது?”

“ஆமாம் சார்.”

“உன் வேலை இன்னும் நிரந்தரமாகலை. அதையும் நினைச்சுக்கோ.”

“சரி சார்.”

நான் கதவருகே போனதும் மறுபடி கூப்பிட்டார்.

“அன்னைக்கு உன்னை அந்த மேஜையிலே உட்காரவச்சிருக்கக் கூடாது. இன்னும் ரெண்டு வாரம் லீவு கொடுத்திருக்கணும். அது என் தப்பு. ஆனா அதைக் கோர்ட்டிலே சொல்ல முடியாது பாரு.”

அவர் சொன்னது சரி. வீட்டுக்குப் போனேன். உலை வைத்தேன்.

விசாரணை நாளன்று பத்து மணிக்கே கோர்ட்டு வராந்தாவில் கூட்டம். பூவாத்தாளின் வக்கீல் அங்கமுத்து ஒரு தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பெரிய உடம்பு, சின்னக் கோட்டு. அவர் காலடியில் பூவாத்தாள் குந்தியிருந்தாள். அறுபது வயதிருக்கும். கை விரல்களில் கல் தெறித்த காயங்களுக்குத் துணி சுற்றியிருந்தாள்.

“ஏனுங் வக்கீலய்யா, அந்த மந்திரி இன்னைக்கு வாராருங்களா?”

“எந்த மந்திரி?”

“நாம கேசு போட்ட மந்திரீங்க.”

“அவரு லண்டன்ல இருக்கறாரு ஆத்தா. வரமாட்டாரு.”

“அத்தாந் தூரத்துல இருக்கறவருக்கு எம்பட புளி எதுக்குங்க?”

“ரசம் வெக்க,” என்றார் அங்கமுத்து.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்த் தூணருகே நின்ற காளியப்பன் குரலை உயர்த்தினார்.

“மந்திரி ரசம் குடிக்கறது இருக்கட்டும். புருசன் பேரு தெரியாத பொண்டாட்டியை அந்த லண்டன்லயும் எவனும் கண்டிருக்க மாட்டான்.”

“ஏங் காளியப்பா,” என்றாள் பூவாத்தாள், திரும்பாமலே. “உம்பட ஊட்டுல உன்னையப் பேரு சொல்லித்தான் கூப்புடறாளாக்கும்?”

“எவ சொல்லுவா?”

“அப்பறம்?”

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பெரிதாக இருந்தது. காளியப்பனே ஒரு கணம் சிரித்துவிட்டு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூவாத்தாள் என்னைப் பார்த்தாள். அங்கமுத்துவிடம், “இந்தச் சாமிதானுங்க எழுதுனது. கையெழுத்து மணிமணியா இருந்துச்சு,” என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு என்னிடம், “என்ன சாமி, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?” என்றாள்.

உள்ளே போனேன்.

பதினொன்றரைக்கு வழக்கை அழைத்தார்கள். முன்சீப் நடுவயதுக்காரர். சாட்சி சொல்வதையெல்லாம் அவரே கையால் எழுதிக்கொண்டார். மேலே பங்கா விசிறி மெதுவாக ஆடியது.

பூவாத்தாளைக் கூண்டில் ஏற்றினார்கள். கீழே மேஜையில் பெஞ்சு குமாஸ்தா அப்புசாமி. முப்பது வருஷமாக அங்கே இருப்பவர். சாட்சியின் விவரங்களை எழுதுவதற்காக, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“பேரு?”

“பூவாத்தாளுங்க.”

“வீட்டுக்காரர் பேரு?”

“திருச்செங்கோட்டு மலை மேல, பாதி ஆம்பளை பாதி பொம்பளையா நிக்கறாருங்கல்ல, அவரு பேருங்க.”

“வயசு?”

“அறுவது இருக்குமுங்க.”

அப்புசாமி எழுதிக்கொண்டே போனார். அங்கமுத்து எழுந்தார்.

“யுவர் ஆனர், பெஞ்சு குமாஸ்தா இப்போது என்ன எழுதினார் என்று தயவுசெய்து பார்க்க வேண்டும்.”

முன்சீப் கை நீட்டினார். அப்புசாமி ஒன்றும் புரியாமல் காகிதத்தைக் கொடுத்தார். முன்சீப் உரக்கப் படித்தார்.

“பூவாத்தாள், கணவர் பெயர் அர்த்தநாரி, வயது அறுபது.”

“நான் வேற என்ன எழுதறதுங்க?” என்றார் அப்புசாமி. “எல்லாப் பொம்பளைகளும் இப்படித்தானுங்க சொல்லுவாங்க. முருகன்னா மயில் மேல போறவரு, பழனியப்பன்னா ஆண்டி. முப்பது வருசமா இப்படித்தான் எழுதறனுங்க.”

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. முன்சீப்பின் உதடும் அசைந்தது. சர்க்கார் வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நல்ல வக்கீல். எழுந்து பூவாத்தாளிடம் மரியாதையாகவே கேட்டார்.

“இங்கே சொன்னதைத் தாலுகா கச்சேரியிலும் சொன்னீர்களா?”

“சொன்னனுங்க.”

“அங்கே எழுதியவர் ராசிபுரத்துக்காரர். நெசவுக்காரக் குடும்பம். பி.ஏ. படித்தவர். புருஷன் பெயரைப் பெண்கள் சொல்லமாட்டார்கள் என்ற வழக்கம் அவருக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க.”

“நீங்கள் இப்படிச் சொல்லியிருந்தால், பெஞ்சு குமாஸ்தா எழுதியதுபோல் அவரும் எழுதியிருப்பார் அல்லவா?”

“எழுதியிருக்கோணுமுங்க.”

“பிறகு ஏன் எழுதவில்லை?”

“அதை அந்தச் சாமிகிட்டத்தானுங்க கேக்கோணும்.”

சர்க்கார் வக்கீல் முன்சீப்பைப் பார்த்தார். “யுவர் ஆனர், இந்தக் கோர்ட்டு தாசில்தாருக்கு மேலான அப்பீல் கோர்ட்டு அல்ல. மரப்பட்டா விஷயத்தில் முடிவு செய்ய அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அவர் முடிவு சரியா தவறா என்று நாம் இங்கே எடை போட முடியாது. வாதியை அழைத்தார்கள், கேட்டார்கள், எழுதினார்கள், ரேகை வாங்கினார்கள். சட்டம் கேட்பது இவ்வளவுதான். ரேகைக்கு மேலே ‘தெரியாது’ என்று இருக்கிறது.”

“கேட்டார்களா என்பதுதானே கேள்வி,” என்றார் முன்சீப். “அடுத்த சாட்சி.”

நான் ஏறினேன். பிரமாணம் செய்தேன். அங்கமுத்து வாக்குமூலக் காகிதத்தைக் காட்டினார். எழுத்து என்னுடையது என்றேன். ரேகை வாதியுடையது என்றேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. தாசில்தார் சொன்னபடி அங்கேயே இறங்கியிருக்கலாம்.

“பட்டாதாரர் பெயர் என்ன என்று கேட்டீர்களே, அதற்கு வாதி என்ன சொன்னார்?”

பூவாத்தாள் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். துணி சுற்றிய கைகளை மடியில் வைத்திருந்தாள்.

“இங்கே சொன்னதைத்தான் சொன்னார். திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் நிற்பவர் பெயர் என்று.”

முன்சீப் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அங்கமுத்து சட்டென்று உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சர்க்கார் வக்கீல் மெதுவாக எழுந்தார்.

“அது யாருடைய பெயர் என்று உங்களுக்கு அப்போது புரிந்ததா?”

“புரிந்தது.”

“புரிந்தும் ‘தெரியாது’ என்று எழுதினீர்கள்.”

“ஆமாம்.”

“அது பொய் என்று தெரிந்தே?”

“தெரிந்துதான் எழுதியிருக்க வேண்டும்.”

“ஏன்? காளியப்பன் ஏதாவது கொடுத்தாரா?”

“இல்லை.”

“வாதியின் மேல் பகையா?”

“இல்லை.”

“பிறகு ஏன் எழுதினீர்கள் என்று கோர்ட்டாருக்குச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால், இப்போது சொல்வதுதான் பொய், அப்போது எழுதியது உண்மை என்று நான் வாதிடுவேன்.”

பிசகு என்று சொல்லியிருக்கலாம். பிசகு என்றால், தாசில்தாரின் முடிவு சரியா தவறா என்று கோர்ட்டு பார்க்க முடியாது என்ற அவர் வாதம் வென்றிருக்கும். மரங்கள் ஐந்து வருஷத்துக்குக் காளியப்பனுக்குப் போயிருக்கும்.

“மலைமேல் நிற்பவர் என்று வாதி சொன்னார். சரி, வாயைத் திறந்து பெயரைச் சொல்லுங்கள், ரூல் அப்படி, என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார்.” முன்சீப்பைப் பார்த்தேன். “அவர் சொன்னதை அப்படியே சொல்லலாமா?”

“அப்படியே சொல்லுங்கள்,” என்றார் முன்சீப்.

“‘ஏனுங் சாமி, உங்களுக்குப் பொண்டாட்டி இல்லீங்களா? ஊட்டுக்குப் போயி, உங்க பேரைச் சொல்லச் சொல்லி அந்த அம்மிணிகிட்டக் கேட்டுப் பாருங்க. அது சொல்லுச்சுன்னா நானுஞ் சொல்லறேன்.’ இப்படிச் சொன்னார்.”

“அதற்கு நீங்கள்?” என்றார் சர்க்கார் வக்கீல்.

“‘தெரியாது’ என்று எழுதினேன். ரேகை வாங்கிக்கொண்டு போகச் சொன்னேன்.”

“அதில் கோபப்பட என்ன இருக்கிறது?”

“கோபம் இல்லை. என் மனைவி இறந்து அன்றைக்குப் பதினெட்டாம் நாள்.”

கீழே பூவாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சர்க்கார் வக்கீல் ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. உட்கார்ந்தார்.

முன்சீப் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். தணிந்த குரலில் கேட்டார்.

“இந்தக் கடைசி விஷயம் பதிவில் இருக்க வேண்டுமா?”

“இருக்கட்டும் சார். எழுதுங்கள்.”

எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டு இறங்கினேன்.

தீர்ப்பு ஒன்பது நாள் கழித்து வந்தது. முன்சீப் ஆங்கிலத்தில் படித்தார். வராந்தாவுக்கு வந்ததும் அங்கமுத்து பூவாத்தாளுக்குச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

“ஆத்தா, தாசில்தார் போட்ட உத்தரவு செல்லாதுன்னு சொல்லீட்டாரு. நீ பேசியிருக்கறே, ஆனா சர்க்கார் கேக்கலை. கேக்காமப் போட்ட உத்தரவு உத்தரவே இல்லைன்னுட்டாரு. வேற ஒரு அதிகாரி மொதல்ல இருந்து விசாரிக்கோணும். அது முடியற வரைக்கும் மரத்தை ஏலம் உடக்கூடாது.”

“அப்ப மரம் எனக்குங்களா?”

“இன்னும் இல்லை. மரம் யாருதுன்னு கோர்ட்டு சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது அவுங்கதான். மறுபடி உன்னையக் கூப்புட்டுக் கேப்பாங்க.”

“மறுபடி கேக்கறதுக்குத்தானுங்களா இத்தனையும்?”

“அதுக்குத்தான்.”

“கேக்கட்டுமுங்க. எங்கூட நாத்து நட்ட கெழவிக ரெண்டு பேரு கரட்டுப்புதூருல இன்னும் உசுரோட இருக்கறாளுக. அவுளுகளையும் கூட்டியாறேன்.”

“அவுங்களாவது பேரைச் சொல்லுவாங்களா?”

“அவுளுகளுக்கு என்ன, அவுளுக புருசனா? தாராளமாச் சொல்லுவாளுக.”

அங்கமுத்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கச்சேரியில எப்படி இருக்குது?”

முந்தின நாள் மாலை வந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டே வரி. என்னை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். கீழே தாசில்தாரின் கையெழுத்து. வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது.

“உங்களைக் கூப்புட்டு விளக்கம் கேட்டாங்களா?”

“இல்லை.”

“ஒரு வார்த்தை?”

“இல்லை.”

“அடடா,” என்றார் அங்கமுத்து. காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “அப்ப லண்டன் மந்திரிக்கு இன்னொரு நோட்டீஸ் அனுப்பிருவமா? ரெண்டு மாசம் பொறுக்கோணும், அவ்வளவுதான்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவரை யாரோ கூப்பிட்டார்கள். போனார்.

நானும் பூவாத்தாளும் ரோட்டுக்கு வந்தோம். அவள் வடக்கே போக வேண்டும். என் வீடு மேற்கே. வெயில் ஏறியிருந்தது. அவள் நின்றாள்.

“அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங் சாமி. எனக்குத் தெரியலை.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எம்பட வாயால உங்க வேலையும் போயிருச்சுங்களே.”

“அது உங்களால் போகவில்லை.”

மாட்டு வண்டி ஒன்று போயிற்று. புழுதி அடங்கும் வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

“அந்த அம்மிணி பேரு என்னங்க?”

“முத்தாயம்மாள்.”

“சின்ன வயசுங்களா?”

“இருபது.”

அவள் நாக்கைத் தட்டி ‘ச்சூ’ என்றாள். பிறகு கேட்டாள்.

“கடைசியா ஏதாச்சுஞ் சொல்லுச்சுங்களா சாமி?”

பதினான்கு மாதமாக அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோருக்கும் பதில் முன்பே தெரிந்திருந்தது. பூவும் பொட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுதான் பதிவில் இருந்தது. பூவாத்தாள் கொஞ்சம் தலையைச் சாய்த்து, காதை என் பக்கம் வைத்து, காத்திருந்தாள்.

அதனால் நடந்ததைச் சொன்னேன். காலை ஆறு மணி. வீட்டுக்குக் கொண்டுவந்த பைல் ஒன்றைப் படித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன். அவள் கொல்லையில் என் குளியலுக்குத் தண்ணீர் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். ‘வாரேன்’ என்றேன். பக்கத்தைத் திருப்பினேன். இன்னொரு தடவை கூப்பிட்டாள். அதற்கும் ‘வாரேன்’ என்றேன். பிறகு செம்பு உருளும் சத்தம் கேட்டது. ஓடிப் போனபோது கீழே கிடந்தாள். அதன் பிறகு அவள் பேசவில்லை. பூவென்றும் சொல்லவில்லை, பொட்டென்றும் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

“ரெண்டாந்தடவை என்ன சொல்லுச்சுங்க?” என்று கேட்டாள் பூவாத்தாள்.

சொன்னேன்.

“ஏனுங்க, தண்ணி ஆறிப்போவுது. அந்தக் காயிதத்தை வெச்சுப்போட்டு வாங்க.”